வண்டியை எப்ப நிறுத்துறது: வயோமிங்ல ஒரு பயனியர் ட்ரெக், முழு நிகழ்வு ஆய்வு

வயோமிங் மாநிலத்துல ஸ்வீட்வாட்டர் ஆத்தை ஒட்டின பழைய பாதையில எங்க சர்ச் பசங்களோட போன பயனியர் ட்ரெக்ல (எங்க சபையோட முன்னோடிகள், அதாவது பயனியர்கள், நடந்த மாதிரியே நடந்து பாக்குற பயணம்), ரெண்டாம் நாள் மத்தியானம் நடையைப் பாதியில நிறுத்தினோம். பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்திக்கு உடம்பு சரியில்லாம போச்சு, அது ஒரு காரணம். ஆனா நிறுத்தலாமா வேண்டாமான்னு பெரியவங்களுக்குள்ள நடந்த பேச்சுதான் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது, அதனால என்ன நடந்துச்சு, யார் முடிவு பண்ணாங்க, அப்புறம் எதையெல்லாம் மாத்தினோம்னு முழுசா எழுதறேன். பசங்களைக் கூட்டிட்டு வெயில்ல நடக்குற யாருக்கும், அது மலையேத்தமா இருந்தாலும் பாதயாத்திரையா இருந்தாலும், இதுல எடுத்துக்க விஷயம் இருக்கு.

ட்ரெக்னா என்ன

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, வெளியில மார்மன் சர்ச்னு சொல்றாங்களே அதுதான் எங்க சபை. 1844ல ஸ்தாபகர் ஜோசப் ஸ்மித்தை இல்லினாய்ல ஒரு ஜெயில்ல வெச்சு கும்பல் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம், 1846ல மக்கள் நாவூ ஊரைக் காலி பண்ணிட்டு மேற்கே கிளம்பினாங்க, பிரிகம் யங் தலைமையில முதல் கூட்டம் 1847 ஜூலை 24 வாக்குல சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்துச்சு. அந்த ஜூலை 24 இன்னிக்கும் யூட்டாவுல அரசு விடுமுறை. (அவங்க நடந்ததும் குடியேறினதும் ஷோஷோனி, யூட், கோஷூட் மாதிரியான பூர்வகுடிகளோட மண்ணு, அதையும் பசங்ககிட்ட சொல்லணும்னு நான் கேட்டுக்கிட்டேன், சொன்னாங்க.)

கைவண்டிக் கதை அதுக்கு ஒன்பது வருஷம் கழிச்சு வருது. இங்கிலாந்து, ஸ்கான்டிநேவியா பக்கம் சபையில சேர்ந்த ஏழைத் தொழிலாளிங்க நிறைய பேர் அமெரிக்கா வரணும்னு காத்துட்டிருந்தாங்க, அவங்களுக்குக் கடன் கொடுக்க 1849ல ஆரம்பிச்ச நிதியில காசு தீர்ந்து போச்சு, 1855ல யூட்டாவுல வெட்டுக்கிளியால விளைச்சலும் போச்சு. மாட்டு வண்டிக்குக் காசு இல்ல. அப்ப ரயில் வந்து நின்ன இடம் அயோவா சிட்டி, அங்க இறங்கி மனுஷங்களே இழுக்குற ரெண்டு சக்கர வண்டியில சாமானை வெச்சுட்டு சுமார் 2,100 கிலோமீட்டர் நடந்து வரலாம்னு முடிவாச்சு. பெரியவங்களுக்கு ஆளுக்கு 17 பவுண்ட் எடை (எட்டு கிலோ கூட வராது) சாமான், ஒரு வண்டிக்கு அஞ்சு பேர், ஒரு கூடாரத்துல இருபது பேர். 1856ல இருந்து 1860 வரைக்கும் பத்து கூட்டம், கிட்டத்தட்ட 3,000 பேர் இப்படி வந்தாங்க.

இப்ப ஸ்டேக்குன்னு சொல்ற எங்க வட்டார சபைகள்ல பலதும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை 14 முதல் 18 வயசுப் பசங்களைக் கூட்டிட்டு அதே மாதிரி உடுத்திக்கிட்டு வண்டி இழுத்து நடக்குது. பொண்ணுங்களுக்கு நீளப் பாவாடை, பானட் தொப்பி, பசங்களுக்கு சஸ்பென்டர் வெச்ச பேன்ட். எட்டு பத்து பசங்களைச் சேர்த்து ஒரு குடும்பம், ஒரு தம்பதியை அவங்களுக்கு மா, பான்னு போடுவாங்க, அந்த குடும்பத்துக்கு ஒரு வண்டி. சாமான் எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்ல, ராத்திரி அதே பக்கெட் உட்கார ஸ்டூல் ஆயிடும். ஒவ்வொரு பசங்களும் அந்தக் காலத்து உண்மையான ஒரு பயனியரோட பேரை அட்டையில எழுதிக் கழுத்துல மாட்டிட்டு நடப்பாங்க. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு குடும்பத்துக்கு மா, பா. எங்க முன்னோர் யாரும் அந்தப் பாதையில நடக்கல, எங்க குடும்பத்துப் பசங்கள்லயும் பாதிப் பேர் அப்படித்தான், டோங்காவுல இருந்து வந்த குடும்பம், மெக்சிகோ குடும்பம்னு கலந்து இருந்தாங்க. அது ஒரு குறையாவே யாருக்கும் தெரியல, விசுவாசத்துக்காக ஊரை விட்டு நடந்தவங்க கதை அவங்க அவங்க வீட்டுலயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கு.

நாம எந்தக் கதையைச் சொல்றோம்

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா மத்தியானம் நடந்த வாக்குவாதத்தோட வேர் இங்கதான் இருக்கு.

1856ல அஞ்சு கூட்டம் கிளம்புச்சு. முதல் ரெண்டு கூட்டம் செப்டம்பர் 26ந்தேதியும், மூணாவது அக்டோபர் 2ந்தேதியும் சால்ட் லேக் வந்து சேர்ந்துட்டாங்க, கஷ்டம்தான், வழியில இறந்தவங்களும் இருந்தாங்க, ஆனா பனியில மாட்டல. நாலாவது ஜேம்ஸ் வில்லி கூட்டம், அஞ்சாவது எட்வர்ட் மார்ட்டின் கூட்டம். கப்பல் லேட்டு, அயோவா சிட்டியில வண்டி தயாரா இல்ல, அவசர அவசரமா காயாத பச்சை மரத்துல வண்டி செஞ்சாங்க, அந்த மரம் சமவெளியோட வறண்ட காத்துல சுருங்கி வெடிச்சு சக்கரம் கழண்டுச்சு. நெப்ராஸ்காவுல ஃப்ளோரன்ஸ்ங்கற இடத்துக்கு வில்லி கூட்டம் வரும்போதே ஆகஸ்ட் நடு. அங்க ஒரு கூட்டம் போட்டு, குளிர்காலத்தை இங்கயே கழிக்கலாமா, போயிடலாமான்னு பேசினாங்க. முன்னாடி இந்தப் பாதையில போய் வந்த லீவை சாவேஜ் எழுந்து, கிழவங்களையும் குழந்தைங்களையும் வெச்சுட்டு இவ்வளவு லேட்டா போகக் கூடாதுன்னு கண்ணீரோட சொன்னாரு. யாரும் கேக்கல, போறதுன்னு முடிவாச்சு. அப்ப அவரு கோவிச்சுட்டு ஒதுங்கல, நானும் கூட வந்து என்னால ஆனதைச் செய்யறேன்னு கிளம்பிட்டாரு. (இந்த சாவேஜ் அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி மிஷனரியா கல்கத்தா வழியா பர்மா போய்த் திரும்பி வந்தவர். அதே வருஷங்கள்ல, 1853ல, ரிச்சர்ட் பாலன்டைன்ங்கற இன்னொரு மிஷனரி நம்ம மதராஸுக்கே வந்து ஊழியம் செஞ்சாரு. எங்க பசங்களுக்கு இதைச் சொன்னப்ப எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.)

அக்டோபர் 19ந்தேதி பனிப்புயல் அடிச்சுது. மார்ட்டின் கூட்டம் அன்னிக்குத்தான் நார்த் பிளாட் ஆத்தைக் கடைசியா கடந்து ஈரத்தோட நின்னுச்சு. வில்லி கூட்டத்துல மாவு தீர்ந்து போச்சு. 23ந்தேதி ராக்கி ரிட்ஜ் மேடு ஏறி இறங்கினாங்க, மறுநாள் ராக் கிரீக்ல 13 பேரை ஒரே குழியில புதைச்சாங்க. ரெண்டு கூட்டத்துலயும் சேர்த்து இறந்தவங்க 200க்கு மேல. இன்னிக்கு ட்ரெக் போறவங்க பெரும்பாலும் இந்த ரெண்டு கூட்டத்தோட கதையைத்தான் நடிச்சுப் பாக்குறாங்க.

அந்தத் தியாகத்தை நான் மனசார மதிக்கறேன். ஆனா பத்துல எட்டு கூட்டம் இந்த மாதிரி பேரழிவு இல்லாம வந்து சேர்ந்துச்சு, அவங்களுக்கும் அதே விசுவாசம்தான் இருந்துச்சு. நேரத்துக்குக் கிளம்பினதும் விசுவாசம்தான். அந்த எட்டுக் கூட்டத்தையும் பத்திப் பேசாம விட்டா, பசங்க மனசுல மட்டும் இல்ல, கூட்டிட்டுப் போற பெரியவங்க மனசுலயும், எவ்வளவு கஷ்டப்படறோமோ அவ்வளவு பக்தின்னு ஒரு கணக்கு உக்காந்துடும்.

ரெண்டாம் நாள்

ஜூன் கடைசி. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், மரமே கிடையாது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் சேஜ் புதர். அன்னிக்கு மத்தியானம் 33 டிகிரி. நம்ம ஊர்ல 33னா நல்ல நாள்னு சொல்லுவோம், ஆனா அங்க காத்து அவ்வளவு வறட்சி, வேர்வை தோல்ல நிக்கவே நிக்காது, சட்டை காஞ்சே இருக்கும், உப்புக்கோடு மட்டும் படிஞ்சிருக்கும், அதனால பசங்களுக்குத் தங்களுக்கு வேர்க்கிறதே தெரியாது. ராத்திரி 8 டிகிரிக்குப் போயிடும். பனியில செத்தவங்க கதையை நாம வெயில்ல நடிக்கறோம், ஆபத்து அப்படியே தலைகீழா இருக்கு, திட்டம் போடும்போது எல்லாரும் மனசுல வெச்சுக்க வேண்டிய விஷயம் இது.

அன்னிக்குப் போட்டிருந்த நடை 14 கிலோமீட்டர். மத்தியானம் ரெண்டு மணிக்கு பொண்ணுங்க மட்டும் வண்டி இழுத்து ஒரு மணல் மேடு ஏறணும், இது எல்லா ட்ரெக்லயும் பெரிய நிகழ்ச்சி. ஆம்பளைங்களை மார்மன் பட்டாளத்துக்குக் கூப்பிட்டாச்சுன்னு சொல்லி ஒதுக்கிடுவாங்க, அவங்க தொப்பியைக் கழட்டிட்டு ஓரமா நின்னு பாப்பாங்க, யாரும் கை கொடுக்கக் கூடாது. உண்மையில பட்டாளம் 1846ல மெக்சிகோ யுத்தத்துக்குப் போனது, கைவண்டி வந்தது பத்து வருஷம் கழிச்சு. ஆனா புருஷன் செத்துப் போய், இல்ல சீக்கா விழுந்து, பொம்பளைங்களே இழுத்துட்டு வந்தது நிஜம், அதனால அந்த மேட்டுல பொண்ணுங்க அழுதுட்டே இழுக்கறதை நான் ஒரு நாளும் லேசா நினைக்க மாட்டேன்.

காலையில ஆறரைக்குக் கிளம்பினோம். டிஃபன் ஓட்ஸ் கஞ்சி, சர்க்கரை போட்டது. வழியில கொடுத்த தின்பண்டமும் இனிப்பு பார்தான், உப்பு பிஸ்கட்டும் சிப்ஸும் ஊறுகாய் வெள்ளரியும் இருந்த பெட்டிங்க சப்ளை லாரியோட முன்னாடியே அடுத்த கேம்புக்குப் போயிடுச்சு. தண்ணிக்கு மட்டும் பஞ்சமே இல்ல, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு லீடர் சத்தமா குடிங்க குடிங்கன்னு சொல்றதும், பாட்டிலைக் காலி பண்ணவங்க கையைத் தூக்கறதும், முதல்ல முடிச்ச குடும்பத்துக்குக் கைதட்டறதும்னு போச்சு. எல்லாரும் நல்லெண்ணத்துலதான் செஞ்சாங்க. 2016 கோடையில ஓக்லஹோமாவுல ஒரு ட்ரெக்ல இளைஞர்களோட போன ஒரு பெண் லீடர் வெப்பத்தால இறந்து போனதை யாரும் மறக்கல, அதனால தண்ணி விஷயத்துல எல்லாருக்கும் பயம் இருந்துச்சு.

பதினொண்ணரை மணிக்கு எங்க பக்கத்து வண்டிக் குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி தலைவலின்னு சொன்னா. கொஞ்ச நேரத்துல வாந்தி, வந்தது வெறும் தண்ணி. அவங்க பா உடனே பாட்டிலை எடுத்து, தண்ணி பத்தல கண்ணு, மெதுவா குடின்னு நீட்டினாரு. கூட வந்த நர்ஸ் ஓடி வந்து அந்தக் கையைப் பிடிச்சு, இருங்க, இப்ப கொடுக்காதீங்கன்னாங்க. நான் அப்ப அந்தப் பொண்ணோட தலையை மடியில வெச்சுட்டிருந்தேன், அதனால நர்ஸ் கேட்டது எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. காலையில இருந்து எத்தனை தடவை யூரின் போனே, என்ன கலர்ல போச்சு? நிறைய தடவை, தண்ணி மாதிரின்னா. தாகம் எடுக்குதா? இல்லன்னா. விரல்ல ஒரு சின்ன மோதிரம், காலையில சுலபமா சுத்தினது, இப்ப அசையல. வாய்ல தெர்மாமீட்டர் வெச்சாங்க, ஜுரம் இல்ல. பேச்சு தெளிவா இருந்துச்சு, பேரு, கிழமை, கழுத்துல தொங்கற பயனியர் பேரு மூணும் சரியாச் சொன்னா.

தண்ணி பத்தாம இருந்தா தாகம் இருக்கும், யூரின் கொஞ்சமா கருத்துப் போகும். ஹீட் ஸ்ட்ரோக்னா உடம்பு 40 டிகிரிக்கு மேல கொதிக்கும், புத்தி தடுமாறும், அப்ப ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம உடம்பு பூரா தண்ணி ஊத்திக் குளிர வைக்கணும். இது ரெண்டும் இல்ல. இவ வேர்வையில உப்பை விட்டுட்டு வெறும் தண்ணியா ஊத்திக்கிட்டதால ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருக்கு, ஹைப்போநேட்ரீமியான்னு சொல்றது. தலைவலி, குமட்டல், கை வீக்கம்னு ஆரம்பிக்கும், முத்தினா மூளை வீங்கி ஃபிட்ஸ் வரும், உயிரே போகலாம். இதுல சங்கடம் என்னன்னா ஆரம்பத்துல பாக்கறதுக்கு தண்ணி பத்தாத ஆள் மாதிரியேதான் இருக்கும், பாசத்துல இன்னும் தண்ணி கொடுத்தா மோசமாயிடும்.

நர்ஸ் தண்ணியை நிறுத்தி, வண்டிக்குக் கீழ நிழல்ல உக்கார வெச்சு, உப்பு நிறைஞ்ச சூப் கட்டி மூணை அரை டம்ளருக்கும் கம்மியான தண்ணியில கரைச்சு சிப் சிப்பா கொடுத்தாங்க, யாரோ பையில ஒளிச்சு வெச்சிருந்த சிப்ஸ் பாக்கெட்டையும் பிடுங்கிக் கொடுத்தாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே மூணு கேள்வி. அதே நேரம், அவசரத்துக்குன்னு கூட வந்த மோட்டார் வண்டி, ஃபாலோ அப் வண்டின்னு சொல்லுவோம், அதைக் கூப்பிட்டு காஸ்பர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு சொல்லிட்டாங்க, அது கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இப்ப நல்லாத்தானே பேசறான்னு ஒருத்தர் கேட்டாரு. நல்லாப் பேசும்போதே அனுப்பறதுதான் சரி, பேச்சு குழறினதுக்கு அப்புறம் 90 கிலோமீட்டர் ரொம்ப தூரம்னாங்க. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவங்களை நான் கையெடுத்துக் கும்பிடணும்.

வாக்குவாதம்

வண்டி போனதுக்கு அப்புறம் மத்த குடும்பங்கள்ல விசாரிச்சா இன்னும் மூணு நாலு பசங்களுக்குத் தலைவலி, ஒருத்தனுக்குக் குமட்டல், பாதிப் பேருக்குக் கால்ல கொப்புளம். மணி பன்னெண்டரை. இன்னும் 8 கிலோமீட்டர், நடுவுல அந்த மணல் மேடு.

பெரியவங்க ஓரமாக் கூடினோம். ஒரு பா, நல்ல மனுஷன், அவரோட கொள்ளுத்தாத்தாவோட அப்பா மார்ட்டின் கூட்டத்துல வந்தவர், கண் கலங்கி சொன்னாரு: அவங்க நின்னாங்களா? குழந்தையைப் புதைச்சுட்டு நடந்தாங்க. நாம ஒரு தலைவலிக்கு நின்னா இந்தப் பசங்க என்ன கத்துக்கும்? ரெண்டு மூணு பேர் தலை ஆட்டினாங்க. அவரோட வலி நிஜம், அதை யாரும் தட்டிப் பேசல. என் வீட்டுக்காரர் மெதுவா, அவங்க நின்னாங்களே, பனி அடிச்சதும் மார்ட்டின் கூட்டம் ரெட் பியூட்ஸ்ங்கற இடத்துக்குப் பக்கத்துல நாள் கணக்குல நகர முடியாம நின்னுச்சே, வில்லி கேப்டன் மக்களை கேம்ப்ல உக்கார வெச்சுட்டு தானே ஒரு ஆளைக் கூட்டிட்டு பனியில மீட்புக் கூட்டத்தைத் தேடிப் போனாரேன்னு சொன்னாரு. நர்ஸ் ஒண்ணு மட்டும் சொன்னாங்க: இன்னொரு பையன் விழுந்தா என்கிட்ட இன்னொரு வண்டி இல்ல.

ட்ரெக் பொறுப்புல இருந்த ஸ்டேக் கவுன்சிலர் (ஸ்டேக் தலைவருக்கு அடுத்த நிலையில இருக்குறவர்) எல்லாரையும் கேட்டுட்டு, நிறுத்தறோம்னு முடிவு சொன்னாரு. முழுசா ரத்து பண்ணல. வண்டிங்களை வரிசையா நிறுத்தி நடுவுல தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டோம், சப்ளை லாரியைத் திரும்ப வரவழைச்சு உப்புத் தீனியை இறக்கினோம், பகல் பூரா ஓய்வு. சுத்துப் பாதையை வெட்டிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நேர் வழியில 3 கிலோமீட்டர் மட்டும் நடந்து கேம்ப். பொண்ணுங்க இழுக்குற மேட்டை மறுநாள் காலை ஆறரைக்கு மாத்தினோம்.

பசங்க பக்கம் ஏமாத்தம் இருந்துச்சு. ஒரு பதினாறு வயசுப் பையன் நேரடியாவே, நிழல்ல படுத்துட்டு இது எப்படி ட்ரெக்னு கேட்டான். கவுன்சிலர் அப்பதான் ஃப்ளோரன்ஸ்ல போகலாமா வேண்டாமான்னு நடந்த பேச்சைப் பத்தி, சாவேஜ் எழுந்து பேசினதைப் பத்தி சொன்னாரு. அக்டோபர் 4ந்தேதி சால்ட் லேக்ல சேதி தெரிஞ்சதும், மறுநாள் மாநாட்டுல பிரிகம் யங் மத்த பிரசங்கத்தை எல்லாம் தள்ளி வெச்சுட்டு, சமவெளியில இருக்குறவங்களைப் போய்க் கூட்டிட்டு வாங்க, இன்னிக்கு இதுதான் மதம்ங்கற மாதிரி பேசினதையும், 7ந்தேதியே மீட்பு வண்டி கிளம்பினதையும் சொன்னாரு. அப்புறம் பசங்ககிட்டயே, ஃப்ளோரன்ஸ்ல நீ இருந்தா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருப்பேன்னு கேட்டாரு. ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு அந்தப் பேச்சு. லேட்டானாலும் போயிடலாம்னு நின்னவங்களும் முட்டாள் இல்ல, ஃப்ளோரன்ஸ்ல அத்தனை பேருக்குக் குளிர்காலம் தாங்கற வீடும் வேலையும் எங்கன்னு ஒரு பொண்ணு கேட்டா, அது சரியான கேள்வி. பெரியவங்க யாரும் குறுக்கப் பேசி முடிச்சு வைக்கல. அந்த ட்ரெக்லயே பசங்க அதிகம் யோசிச்சது அந்த நிழல்லதான்னு எனக்குத் தோணுது.

காஸ்பர்ல ரத்தப் பரிசோதனையில அந்தப் பொண்ணுக்கு சோடியம் 135க்குக் கொஞ்சம் கீழ இருந்துச்சு, 135ல இருந்து 145 வரைக்கும் இருக்கணும். ராத்திரி வரைக்கும் வெச்சுப் பாத்துட்டு அனுப்பிட்டாங்க. அவங்க அப்பா அம்மா வந்து பாத்துட்டு, அவ விருப்பத்தைக் கேட்டு, மறுநாள் மதியம் கேம்ப்ல கொண்டு வந்து விட்டாங்க. வண்டி இழுக்க விடல.

அப்புறம் மாத்தினது

வீடு திரும்பின வாரத்துலயே கமிட்டி கூடி எழுதி வெச்சது இது. தாகத்துக்குத் தண்ணி குடிக்கணும், போட்டி வெச்சுக் குடிக்க வைக்கக் கூடாது. எங்க தண்ணியோ அங்க உப்புத் தீனி, ஒவ்வொரு வண்டியிலயும், லாரியில இல்ல. காலையில முட்டையோ பன்றி இறைச்சியோ ஏதாவது உப்புப் போட்ட சாப்பாடு. மா, பா எல்லாரும் ட்ரெக்குக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் நர்ஸ்கிட்ட உக்காந்து மூணு நோயையும் வித்தியாசம் பாக்கக் கத்துக்கணும், யூரின் கலர் கேக்கறதுக்குக் கூச்சப்படக் கூடாது. பதினொரு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் பெரிய நடை கிடையாது. ஃபாலோ அப் வண்டி ஒண்ணு இல்ல, ரெண்டு.

கழுத்துல மாட்டற அட்டையில இனி பத்துக் கூட்டத்துல இருந்தும் பேர் எடுக்கணும்னு நான் கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. முதல் கூட்டத்து எட்மண்ட் எல்ஸ்வொர்த், ரெண்டாவது கூட்டத்து டேனியல் மெக்ஆர்தர், மூணாவது கூட்டத்து எட்வர்ட் பங்கர்னு கேப்டனுங்க பேரையே நிறைய பசங்க அதுவரைக்கும் கேட்டதில்ல.

நிறைய நேரம் பேசினது கடைசி விஷயத்துக்குத்தான். நடையை நிறுத்தற அதிகாரம் யாருக்கு? ஸ்டேக் தலைவருக்கு மட்டும்னு சிலர், கமிட்டிக்குன்னு சிலர். அன்னிக்கு வாதம் பண்ண அதே பாதான் எழுந்து, நர்ஸ் ஒரு ஆள் சொன்னாப் போதும், வேற யாரும் ஓட்டுப் போட வேண்டாம், நான் உட்படன்னு சொன்னாரு. அப்படியே எழுதினோம். அடுத்த ட்ரெக்குக்குப் பெத்தவங்க கையெழுத்துப் போடற ஃபார்ம்ல முதல் வரியே அதுதான், நர்ஸோட பேரும் போன் நம்பரும் பக்கத்துலயே இருக்கும்.